மண்டை அளவும் மாணவர் அறிவும்: பேராக் வழியே ஒரு வரலாற்றுப் பார்வை



ஆசிரியர் அறையில் நாம் அடிக்கடி கேட்கும் சில வாக்கியங்களோடு தொடங்குகிறேன். "அவனுக்கு மண்டையில ஏறாது." "சரியான மரமண்டை." "உள்ள களிமண்ணுதான் இருக்கு." களைப்பில் வருகிற பேச்சுதான், யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் கவனிச்சுப் பாருங்க, எல்லாமே மண்டையைப் பற்றியே இருக்கு. பிள்ளைக்கு எந்தப் பாடம் புரியவில்லை, எங்கே தடுக்கி நிற்கிறான் என்ற கேள்வியை விட்டுவிட்டு, மண்டைக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று போய்விடுகிறோம்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. பெரிய மண்டை என்றால் பெரிய மூளை, பெரிய மூளை என்றால் பெரிய அறிவு. இதை நிரூபிக்க ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிஞர்கள் அளவுகோலோடு இறங்கினார்கள். அந்த அளவுகோல் சென்னைக்கும் வந்தது, நம்ம பேராக்குக்கும் வந்தது. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வரலாறு, அறிவியல் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

விதையும் ஈயக் குண்டும்

1830களில் இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்தார்கள். ஒருவர் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெடரிக் டீடெமான். மற்றவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மருத்துவர் சாமுவேல் மார்ட்டன். வெற்று மண்டை ஓட்டுக்குள் சிறு விதைகளை நிரப்புவது, பிறகு அவற்றை வெளியே கொட்டி அளப்பது, அதிலிருந்து மூளையின் அளவைக் கணிப்பது. முறை இவ்வளவுதான். மார்ட்டன் பின்னாளில் விதைகளுக்குப் பதில் ஈயக் குண்டுகளைப் பயன்படுத்தினார்.

முறை ஒன்றுதான், முடிவோ நேரெதிர். டீடெமான் 1836இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஆப்பிரிக்கர் மூளைக்கும் ஐரோப்பியர் மூளைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, அடிமை முறைக்கு இயற்கையில் எந்த நியாயமும் இல்லை என்பது அவர் முடிவு. மார்ட்டன் 1839இல் வெளியிட்ட நூலில் இனங்களை வரிசைப்படுத்தினார். வெள்ளையர் மேலே, ஆப்பிரிக்கர் கீழே.

மார்ட்டனின் கணக்கில் நமக்கும் ஓர் இடம் உண்டு. அன்றைய வகைப்பாட்டில் இந்தியர்களும் வெள்ளையர் பிரிவிலேயே வைக்கப்பட்டார்கள். இந்திய மண்டை ஓடுகள் அவரிடம் நிறையவே இருந்தன. ஆனால் சராசரி எடுக்கும்போது மூன்றே மூன்றைத்தான் சேர்த்துக்கொண்டார். இந்தியர்களின் மண்டை மிகச் சிறியது என்று காரணத்தையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் சேர்த்தால் வெள்ளையர் சராசரி இறங்கிவிடும் அல்லவா? நம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்திக் காட்ட சில பிள்ளைகளின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பது மாதிரிதான் இது.

1981இல் ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அறிவியலாளர் மார்ட்டனின் கணக்குகளைக் கடுமையாக விமர்சித்து நூல் எழுதினார். 2011இல் வேறொரு குழு அதே மண்டை ஓடுகளை மீண்டும் அளந்து, மார்ட்டனின் அளவுகள் பெரும்பாலும் சரியானவையே என்றது. அப்படியானால் மார்ட்டன் சொன்னது சரியா? இல்லை. அளவு சரியாக இருக்கலாம். மண்டை ஓடு இவ்வளவு கொள்ளும் என்பதிலிருந்து இந்த மனிதன் இவ்வளவுதான் சிந்திப்பான் என்ற முடிவுக்குத் தாவியதுதான் தப்பு. உடல் பெரிதாக இருந்தால் தலையும் பெரிதாக இருக்கும். குளிர் நாட்டில் வாழ்கிறவர்களுக்கு மண்டை சற்றுப் பெரிதாக இருக்கும். இதற்கும் அறிவுக்கும் என்ன சம்பந்தம்?

சென்னைக்கு வந்த அளவுகோல்

நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிக்கொண்டிருந்த அதே காலம். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் இருந்தார். தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம் இவற்றை அளக்கும் கருவிகளோடு அவர் சென்னை மாகாணம் முழுக்கச் சுற்றினார். அந்த அளவுகள் ஒவ்வொரு சாதியின் பெயருக்குப் பக்கத்திலும் எழுதப்பட்டன. 1909இல் ரங்காச்சாரி என்பவரின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளிவந்தன. அதே காலத்தில் வடக்கே ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற அதிகாரி, மூக்கின் அகலத்தை வைத்தே சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்று வாதாடிக்கொண்டிருந்தார். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாளரும் அவர்தான்.

அளக்கப்பட்ட மக்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? தர்ஸ்டனே பதிவு செய்திருக்கிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பிடித்து, பஞ்சடைத்து, மெட்ராஸ் மியூசியத்தில் வைத்துவிடுவார் என்ற பயம். ஏதோ பழைய குற்றத்துக்காகத் தேடப்பட்ட மலைவாசி ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று நினைத்து அளவெடுக்க மறுத்துவிட்டார். தர்ஸ்டன் இவற்றை வேடிக்கையாக எழுதுகிறார். எனக்கென்னவோ அந்த மக்கள் விஷயத்தைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது. அளக்க வந்தவர் தங்களைப் பொருளாகப் பார்க்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

பேராக்கிலும் அளந்தார்கள்

1901இல் நெல்சன் அனண்டேல், ஹெர்பர்ட் ராபின்சன் என்ற இரண்டு இளம் அறிவியலாளர்கள் பேராக்குக்கும் அன்று சயாமின் கீழிருந்த மலாய் மாநிலங்களுக்கும் வந்தார்கள். எடின்பரோ, லிவர்பூல் பல்கலைக்கழகங்களின் ஆதரவில் வந்த பயணம் அது. விலங்குகளையும் பூச்சிகளையும் சேகரித்த அதே கையோடு, இங்கிருந்த மலாய்க்காரர்களையும் பூர்வகுடி மக்களையும் அளந்தார்கள். அன்றைய நூல்கள் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரைச் 'சாக்காய்' என்று எழுதின. அது இழிசொல்லாகவே ஆகிப்போனதால் இன்று நாம் ஓராங் அஸ்லி என்கிறோம். ஒரு பெயரை மாற்றவே எத்தனை ஆண்டு ஆயிற்று பாருங்கள்.

இந்த அனண்டேலின் கதை இங்கே முடியவில்லை. அவர் பின்னர் கல்கத்தாவுக்குப் போய், 1916இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அங்கே ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளைச் சேகரித்து வைத்திருந்தார். 1920இல் அவற்றை ஆராயும்படி ஓர் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டார். அந்த இளைஞர்தான் பி. சி. மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். அந்த அளவுகளோடு போராடியதிலிருந்துதான் 1936இல் 'மகலனோபிஸ் தொலைவு' என்ற கணித முறை பிறந்தது. ஏதாவது ஒரே ஓர் அளவை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், பல அளவுகளையும் அவற்றுக்கிடையே உள்ள தொடர்பையும் சேர்த்துப் பார்ப்பது அதன் அடிப்படை. இன்று கணினித் துறையிலும் இது பயன்படுகிறது. மண்டையை அளக்கப் போன வேலையிலிருந்து உலகுக்குக் கிடைத்த உருப்படியான பொருள் இதுதான் என்று சொல்லலாம்.

தோட்டத்தில் அளவுகோல் தேவைப்படவில்லை

கித்தா தோட்டங்களில் யாரும் நம் தாத்தா பாட்டிகளின் மண்டையை வரிசையாக அளந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே அதற்குத் தேவையே இருக்கவில்லை. முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. தமிழன் பணிவானவன், சொன்னதைச் செய்வான், யோசிக்கிற வேலைக்கு ஆகமாட்டான். காலனிய காலத்து எழுத்துகளில் ஒவ்வோர் இனத்துக்கும் இப்படி ஒரு முத்திரை இருந்தது. சையத் உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி என்ற கட்டுக்கதை' பற்றிய நூல், இந்த முத்திரைகள் யாருக்குப் பயன்பட்டன என்பதை விரிவாகப் பேசுகிறது.

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். சட்டம் வந்தது. பள்ளியும் வந்தது. ஆனால் பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். சில வகுப்போடு படிப்பு நின்றுவிடும், பிறகு பால் வாளிதான். அப்படி நின்றுபோன பிள்ளையைப் பார்த்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்றார்கள். ஏறுவதற்கு ஏணியே வைக்கவில்லையே!

இன்னொன்றும் உண்டு. மனித மூளை பிறக்கும்போது, வளர்ந்தவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்குதான். இரண்டு வயதுக்குள் முக்கால் பங்கைத் தொட்டுவிடும். அந்தக் காலத்தில் கிடைக்கிற உணவும் உடல்நலமும் மிக முக்கியம். தாய்க்கும் குழந்தைக்கும் அயோடின் குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்குக் கவனம் நிற்காது, சோர்ந்து சோர்ந்து உட்காரும். மலேரியாவும் கொக்கிப் புழுவும் இரத்தச் சோகையைக் கொண்டுவரும். தொடக்க காலத் தோட்டங்களில் இந்த இரண்டும் எவ்வளவு ஆடின என்பது நம் குடும்பக் கதைகளிலேயே இருக்கிறது. சமயங்களில் மண்டையின் அளவு ஒன்றைச் சொல்கிறது என்றால், அது பிள்ளையின் தட்டில் என்ன இருந்தது என்பதைத்தான்.

அறிவே இல்லை என்று சொல்லப்பட்ட அந்த மனிதர்கள் அன்றாடம் செய்த வேலையையும் பாருங்கள். விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கித்தா மரத்தின் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் கொஞ்சம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம். இடைவெளி மில்லிமீட்டர் கணக்குதான். இப்படி ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரங்கள். கை, கண், நினைவு, கணக்கு எல்லாம் சேர்ந்த வேலை. இதற்கு மூளை வேண்டாமா?

வாத்தியார்கள் காட்டிய பிள்ளைகளை அளந்தவர்

நம் தொழிலுக்கு மிக நெருக்கமான பகுதி இது. பிரான்சில் ஆல்பிரட் பினே என்ற உளவியலாளர் 1900 வாக்கில் பள்ளி பள்ளியாகப் போனார். "உங்கள் வகுப்பில் மிகக் கெட்டிக்காரப் பிள்ளை யார், மிக மக்கான பிள்ளை யார், காட்டுங்கள்" என்று ஆசிரியர்களிடம் கேட்டார். அவர்கள் காட்டிய பிள்ளைகளின் தலைகளை அளந்தார். பெரிய வேறுபாடு இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்ததோ ஒரு மில்லிமீட்டர் அளவு வேறுபாடு.

அதைவிட முக்கியமான ஒன்றையும் செய்தார். தம் கையையே சந்தேகப்பட்டார். ஏற்கெனவே அளந்த சிலரை மீண்டும் அளந்தபோது, தம்மை அறியாமலேயே முன்பைவிடச் சிறிய அளவுகளைக் குறித்திருந்ததைக் கண்டுபிடித்தார். மனம் எதை எதிர்பார்க்கிறதோ அதற்கேற்பக் கை வளைந்துவிடுகிறது. இதை மறைக்காமல் வெளியிட்டுவிட்டு, மண்டை அளப்பதையே விட்டுவிட்டார்.

பிறகு 1905இல் சிமோன் என்பவரோடு சேர்ந்து பினே உருவாக்கியதுதான் முதல் அறிவுத்திறன் சோதனை. எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். பிள்ளையின் அறிவு இவ்வளவுதான் என்று முத்திரை குத்துவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவருக்குப் பின் வந்த பலர் அதைத்தான் செய்தார்கள் என்பது வேறு கதை.

இன்றைய அறிவியல் என்ன சொல்கிறது?

"அப்போ மூளை அளவுக்கும் அறிவுக்கும் சம்பந்தமே இல்லையா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொல்ல வேண்டும். சிறிய சம்பந்தம் இருக்கிறது. 2015இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 8,000க்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களையும் சோதனை மதிப்பெண்களையும் ஒப்பிட்டது. மனிதர்களுக்கிடையே உள்ள மதிப்பெண் வேறுபாட்டை நூறு பங்காக வைத்தால், மூளையின் அளவோடு பொருந்திப் போவது ஏறக்குறைய 6 பங்கு. மீதி 94 பங்கு வேறெங்கோ இருக்கிறது. இதை வைத்துத் தனி ஒரு பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

மாணவர்களிடம் சொல்ல இன்னும் சில எடுத்துக்காட்டுகள்:

• மனித மூளையின் சராசரி எடை 1,300 முதல் 1,400 கிராம். நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்சின் மூளை 1,017 கிராம். ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2,012 கிராம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. இருவருமே பெரிய எழுத்தாளர்கள். ஐன்ஸ்டைனின் மூளை 1,230 கிராம், சராசரிக்கும் குறைவு.

• யானையின் மூளை 4 முதல் 5 கிலோ வரை இருக்கும். நரம்பணுக்களும் நம்மைவிட மூன்று மடங்கு. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறுமூளையில்தான் இருக்கின்றன. எவ்வளவு இருக்கிறது என்பதைப் போலவே எங்கே, எப்படி இணைந்திருக்கிறது என்பதும் முக்கியம்.

• ஆண்களின் மூளை சராசரியாகப் பெண்களின் மூளையைவிடப் பத்து விழுக்காடு பெரியது. அறிவுத்திறன் சோதனைகளின் சராசரியில் அப்படி ஒரு வேறுபாடு இல்லை. நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இன்று பெண் பிள்ளைகள்தான் அதிகம்.

• அண்டை நாடான இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 2003இல் கிடைத்த குள்ள மனித இனத்தின் மூளை ஏறக்குறைய 400 கன சென்டிமீட்டர்தான், நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. அவர்கள் எலும்புகள் கிடைத்த குகையிலேயே கல் கருவிகளும் கிடைத்தன.

• 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் அறிவுத்திறன் மதிப்பெண்கள் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் உயர்ந்தன. பள்ளிக்கூடம், உணவு, மருத்துவம் என்று வாழ்க்கைச் சூழல் மாறியது. அத்தனை வேகத்தில் மண்டை வளரவில்லை.

லெங்கோங்கில் படுத்திருந்தவர்

நம் மாநிலத்தின் மிகப் பழைய மண்டை ஓடுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1991இல் லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்தோ குகையில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரைனா மஜிட்டின் குழு ஏறக்குறைய முழுமையான ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. வயது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அவர்தான் 'பேராக் மனிதன்'. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது.

அந்த மனிதருக்குப் பிறவியிலேயே கையில் குறை இருந்தது. இடது கை விரல்கள் குட்டையானவை. வேட்டையாடி வாழ்ந்த காலத்தில் அப்படி ஒருவர் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்த பிறகு கால்களை மடக்கி, கவனமாகக் கிடத்தி, உணவும் கல் கருவிகளும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அவர் மதிக்கப்பட்டவர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு கண்டெடுத்திருந்தால் முதல் வேலையாக அவர் மண்டையை அளந்து, எந்தப் படியில் வைக்கலாம் என்று பார்த்திருப்பார்கள். இன்றைய அறிஞர்கள் கேட்ட கேள்வி வேறு. இவரோடு வாழ்ந்தவர்கள் இவரை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எலும்புகள் பதில் சொல்லின.

நம் வகுப்பறைக்கு

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீடமைப்பாகி, நம் மக்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்துவிட்டார்கள். லயம் போய்விட்டது. "நமக்கெல்லாம் படிப்பு வராது சார்" என்ற பேச்சு மட்டும் சில பிள்ளைகளின் வாயில் இன்னும் இருக்கிறது. புகுமுக வகுப்புக்குப் போகிற பிள்ளை, கடைசி வகுப்பில் உட்காருகிற பிள்ளை இவர்களிடம் அதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு மார்ட்டனும் தெரியாது, தர்ஸ்டனும் தெரியாது. முத்திரை மட்டும் கைமாறிக் கைமாறி அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை அவன் கையிலிருந்து வாங்கிப் போடக்கூடிய இடத்தில் நாம் இருக்கிறோம்.

செய்து பார்க்கச் சில நடவடிக்கைகள்:

1. சொல்வளம் (படிவம் 1 – 3): தலை, மண்டை, மூளை ஆகிய சொற்களோடு வரும் தொடர்களை மாணவர்கள் திரட்டட்டும். தலைவர், தலைக்கனம், மண்டைக்கனம், மூளைச்சலவை என்று நிறைய வரும். பெரிய தலையைத் தமிழ் அறிவோடு சேர்க்கிறதா, அகந்தையோடு சேர்க்கிறதா? பேசவிடுங்கள். சுவையான பாடமாக அமையும்.

2. நேர்காணல் (படிவம் 2 – 4): தாத்தா பாட்டியிடம் நான்கு கேள்விகள். எந்த வகுப்புவரை படித்தீர்கள்? யார் சொல்லிக்கொடுத்தார்? பள்ளிக்குப் போகும் முன் என்ன சாப்பிட்டீர்கள்? ஏன் நின்றீர்கள்? பதில்களை வகுப்பில் ஒரே பட்டியலாக எழுதினால் பிள்ளைகளே முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

3. கட்டுரை (படிவம் 4 – 5): 'கடுகு சிறுத்தாலும் காரம் போகாது' என்ற பழமொழியை விளக்க இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளைக் கொடுக்கலாம்.

4. நமக்கு: வகுப்பறை மதிப்பீட்டுக் குறிப்பு எழுதும்போதும், ஆசிரியர் அறையில் பேசும்போதும், மண்டையை விட்டுவிட்டுப் பாடத்தைச் சொல்வோம். "மண்டையில ஏறல" என்பதற்குப் பதிலாக, "ல, ழ, ள வேறுபாடு இன்னும் பிடிபடவில்லை", "பத்தியை வாசிக்கிறான், கருத்தைத் தொகுக்கத் தெரியவில்லை" என்று எழுதிப் பாருங்கள். அடுத்த வாரம் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கும்.